நாலு நிமிஷத்தில் 18 கோடி எழுத்து

பெட்டிக் கடையில் வாழைத்தார் தொங்குகிறதே, அதைச் சுற்றி எள்ளுக்கு இறக்கை முளைத்த மாதிரி சில ஜந்துக்கள் பறந்துகொண்டிருக்கும். கடைக்காரர் துண்டை எடுத்து ஒரு விசிறு விசிறுவார். போய்விடும். துண்டு தோளுக்குத் திரும்பியதும் அதுவும் திரும்பிவிடும். அதுதான் இந்த வாரக் கதாநாயகி. (கதாநாயகன் இல்லையா என்றால், இல்லை. காரணம் பின்னால் வருகிறது.) நீளம் 3 மில்லிமீட்டருக்குள். சிவப்புக் கண். பழ ஈ என்பார்கள். ஜாதகப் பெயர் ட்ரோஸோஃபிலா மெலனோகாஸ்டர்.

சாதாரணமாக நினைக்காதீர்கள். 1933, 1946, 1995, 2011, 2017 என்று இத்தனை தரம் இந்த ஈயை வைத்து மனிதர்கள் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். முதலில் வாங்கிய மார்கன், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதைப் பால் பாட்டிலில் போட்டு, வாழைப்பழம் கொடுத்து வளர்த்தார். ஆராய்ச்சிக்கு ஆன செலவு, வீட்டில் ஒரு பூனை வளர்ப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்திருக்கும்.

பி.காம். படித்தவனுக்கு ஈயோடு என்ன வியாபாரம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. டிகிரி முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீசில் ரெண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். அங்கே கற்றது மொத்தமே மூன்று சமாசாரம்: காப்பி எடு, சரிபார், ஒரே வவுச்சரை ரெண்டு தரம் பாஸ் பண்ணாதே. ஈ முட்டைக்குள் நடப்பதும் இதே மூன்றுதான். எங்கள் ஆபீசைவிட ஒழுங்காக நடக்கிறது, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். தாய் ஈ முட்டை போடுகிறது. உள்ளே ஒரே ஒரு நியூக்ளியஸ். அதில் ஓர் ஈயைச் செய்வது எப்படி என்கிற முழுக் குறிப்பும் டி.என்.ஏ. ரூபத்தில் இருக்கிறது. ஏ, டீ, ஜி, சி என்று எழுத்து நாலேதான். அதையே மாற்றி மாற்றி அடுக்கி சுமார் 18 கோடி எழுத்து. அப்பா தந்த செட் ஒன்று, அம்மா தந்த செட் ஒன்று. நியூக்ளியஸ் ஒன்று இரண்டாக வேண்டுமானால், ரெண்டு செட்டையும் ஓர் எழுத்து விடாமல் காப்பி எடுத்தாக வேண்டும்.

எத்தனை நேரத்தில் எடுக்கிறது தெரியுமா? மூன்றிலிருந்து நாலு நிமிஷம்!

ஜெராக்ஸ் மிஷின் சூடாகிற நேரம், ஸார். நம்முடைய செல்லில் 300 கோடி எழுத்து. அதற்குச் சுமார் எட்டு மணி நேரம் ஆகிறது. கிட்டத்தட்ட ஒரு ஷிஃப்ட். ஈ முட்டைக்கு அந்த சொகுசு கிடையாது. அழுகின பழத்தின் மேல் வெட்டவெளியில் கிடக்கிறது. எறும்பு வருமுன், வெயில் காயுமுன், ஒரு நாளைக்குள் புழுவாக வெளியே வந்தாக வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. காப்பி எடுக்கும் இயந்திரத்தின் வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 2,600 எழுத்து. ஒரே ஓர் இயந்திரம் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 18 கோடியை 2,600-ஆல் வகுத்தால் 69,000 நிமிஷத்துக்கு மேல் வரும். அதாவது 48 நாள். ஒரு பழ ஈயின் முழு ஆயுளே கிட்டத்தட்ட அவ்வளவுதான். காப்பி முடிவதற்குள் கருமாதி வந்துவிடும்.

ஈ என்ன செய்கிறது? ஆள் வேகத்தைக் கூட்டவில்லை. ஆளைக் கூட்டுகிறது. 1974-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஹாக்னஸ் குழுவினர் இந்த முட்டையின் டி.என்.ஏ.வை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். நூல் நெடுக வரிசையாகக் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. ஒவ்வொரு கொப்புளமும் காப்பி ஆரம்பித்த ஓர் இடம். சராசரியாக 8,000 எழுத்துக்கு ஒன்று. வகுத்துப் பாருங்கள், ஒரு செட்டுக்கே 22,500 இடம் வருகிறது. ஒவ்வொரு இடத்திலிருந்தும் இடப்பக்கம் ஓர் இயந்திரம், வலப்பக்கம் ஓர் இயந்திரம் கிளம்புகிறது. ஆளுக்கு 4,000 எழுத்துதான் பங்கு. ஒன்றரை நிமிஷ வேலை. எல்லாரும் ஒரே விநாடியில் கிளம்புவதில்லை, அதற்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தால் நாலு நிமிஷம் சரியாக வருகிறது. கணக்கு டாலி ஆனால் எனக்கு ஏற்படும் சந்தோஷம் தனி.

இப்படிப் பதின்மூன்று சுற்று. ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகிறது. முடிவில் 6,000 நியூக்ளியஸ். தமாஷ் என்னவென்றால், இத்தனைக்கும் நடுவில் சுவரே கிடையாது. தனித்தனி செல்லாகப் பிரிவதெல்லாம் பிற்பாடு. அதுவரைக்கும் பார்ட்டிஷன் இல்லாத பெரிய ஹால், உள்ளே எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள். சாமான்? எல்லாம் அம்மா முட்டை போடும்போதே உள்ளே அடைத்துக் கொடுத்த சீர். அப்பா கொடுத்தது டி.என்.ஏ. செட் ஒன்று, மற்ற செலவெல்லாம் அம்மாவுடையது. கதாநாயகி என்றேனே, அதனால்தான்.

* * *

வேலை செய்கிற அந்த ‘ஆள்’ யார்? புரோட்டீன்கள். புரோட்டீன் என்றதும் பருப்பு, முட்டை, ஜிம் மாஸ்டர் விற்கிற டப்பா என்று போய்விடாதீர்கள். செல்லுக்குள்ளே புரோட்டீன் என்றால் ஸ்டாஃப். இந்த ஸ்டாஃபில் ஒருத்தராலும் தனியாக ஒன்றும் ஆகாது. சேர்ந்து உட்கார்ந்தால்தான் ஃபைல் நகரும்.

முதலில் வருவது ஓ.ஆர்.சி. என்கிற ஆறு பேர் கமிட்டி. ஈஸ்டில் இதைக் கண்டுபிடித்தது 1992-ல், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், ஸ்டீஃபன் பெல்லும் புரூஸ் ஸ்டில்மனும். எங்கே காப்பி ஆரம்பிப்பது என்று இடம் பார்த்து உட்காருவது இவர்கள் வேலை. உட்கார்ந்ததும் இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு, எம்.சி.எம். என்கிற வளையத்தை டி.என்.ஏ.வில் மாட்டுவார்கள். விரலில் மோதிரம் போடுகிற மாதிரி. ஒன்றில்லை, ஜோடியாக ரெண்டு.

டி.என்.ஏ. முறுக்கின ரெட்டை நூல் அல்லவா? அதைப் பிரித்தால்தான் உள்ளே இருக்கும் எழுத்தைப் படிக்க முடியும். பிரிக்க வேண்டியது எம்.சி.எம். மோதிரம்தான் என்று எல்லாருக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் அதைத் தனியாக டெஸ்ட் ட்யூபில் போட்டுப் பார்த்தால், கல்யாண வீட்டில் மாமனார் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. 2006-ல் பெர்க்லியில் மைக்கேல் பாட்சனின் ஆய்வகம் ஈ முட்டைகளைக் கரைத்து வடிகட்டி, எம்.சி.எம். ஆறு பேர், கூடவே ஜின்ஸ் என்கிற நாலு பேர், சி.டி.சி.45 என்று ஒருத்தர், ஆக மொத்தம் பதினொரு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதைப் பிடித்தார்கள். அந்தப் பதினொரு பேர் சேர்ந்ததும் நூல் பிரிய ஆரம்பித்தது! கிரிக்கெட் டீம் கணக்குதான். கேப்டனை மட்டும் இறக்கினால் மேட்ச் நடக்காது.

நூல் பிரிந்ததும் எழுதுகிறவர்கள் பின்னாலேயே வருவார்கள். இதில் ஒரு சங்கடம். டி.என்.ஏ.வை ஒரே திசையில்தான் எழுத முடியும். ரெண்டு இழையும் எதிரெதிர்த் திசை. அதனால் ஓர் இழையைச் சரளமாக எழுதிக்கொண்டு போகலாம். மற்றதைக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, துண்டு துண்டாக எழுதி ஒட்ட வேண்டும். நம்மிடமும் ஈயிடமும் துண்டுக்கு நூறு, இருநூறு எழுத்து. ஒகசாகி துண்டு என்று பெயர். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகசாகி, ட்ஸுனேகோ ஒகசாகி என்ற தம்பதி 1960-களில் கண்டுபிடித்தது. ரெய்ஜி, ஹிரோஷிமாக்காரர். குண்டு விழுந்தபோது பள்ளிக்கூடப் பையன். 1975-ல் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். செல் எப்படிக் காப்பி எடுக்கிறது என்று கண்டுபிடித்தவரை, காப்பி தறிகெட்டுப்போன செல்களே கொண்டுபோயின.

* * *

இப்போது என் வவுச்சர் விஷயம். பணம் கொடுத்த வவுச்சரில் ‘பெய்ட்’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவோம். குத்தாவிட்டால் அதே பில் அடுத்த மாசம் வேறு யாரிடமாவது போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடும். டி.என்.ஏ.விலும் இதே தொல்லை. ஒரு தரம் காப்பி ஆரம்பித்த இடத்தில் மறுபடி கமிட்டி கூடி மறுபடி மோதிரம் மாட்டினால், குரோமோசோம் அங்கே மட்டும் மூன்று, நாலு காப்பி ஆகிப் புடைத்து, அறுந்து, அலங்கோலமாகும்.

மோதிரம் மாட்ட உதவுகிறவரில் ஒருத்தருக்கு ஈ உலகத்தில் பெயர் ‘டபுள் பார்க்டு’. நின்ற வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டியை நிறுத்துவதற்கு அமெரிக்காவில் அப்படிச் சொல்வார்கள். நம் பக்கம் அதற்குத் தனிப் பெயர் கிடையாது, பார்க்கிங் என்றாலே அதுதான். காப்பி ஆரம்பித்தவுடன் ஜெமினின் என்று இன்னொரு புரோட்டீன் வந்து இந்த டபுள் பார்க்டைக் கையைப் பிடித்துக்கொண்டுவிடும். செல் இரண்டாகப் பிரிகிற நேரத்தில்தான் விடும். இதுதான் பெய்ட் ஸ்டாம்ப். 2002-ல் ஈ செல்களில் ஜெமினினை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நியூக்ளியஸ் ராட்சச சைஸுக்கு ஊதி, பாதியும் முக்காலுமாகக் காப்பி எடுத்த டி.என்.ஏ. அதில் அடைந்து கிடந்தது. மார்ச் 31 ராத்திரி எங்கள் ஆபீஸ் மாதிரி!

ஈ ஆராய்ச்சிக்காரர்களின் குறும்பு அது. ஒரு ஜீன் கெட்டுப்போனால் ஈக்கு என்ன ஆகிறதோ அதையே ஜீனுக்குப் பெயராக வைத்துவிடுவார்கள். ‘ஷிஃபான்’ என்று ஒரு ஜீன். ஆம், சேலையேதான். இது கெட்டால் முட்டை ஓடு ஷிஃபான் துணி மாதிரி மெல்லிசாகிவிடும். ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்று இன்னொன்று. எல்.கே.ஜி.யில் மதில்மேலிருந்து விழுந்து உடைந்தாரே, அவரேதான். இதிலும் ஓடு மெல்லிசு.

காப்பி எடுக்கிற ஜீனுக்கும் முட்டை ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் ஒரு வேடிக்கை. ஓடு செய்கிற புரோட்டீன் சில மணி நேரத்துக்குள் மலைமலையாக வேண்டும். சாதாரணமாக இருக்கிற ஒரு ஜோடி ஜீனை வைத்துக்கொண்டு கட்டுப்படியாகாது. அதனால் முட்டையைச் சுற்றியிருக்கிற செல்களில், அந்த ஜீன்கள் இருக்கும் துண்டை மட்டும் மறுபடி மறுபடி காப்பி எடுத்துக்கொள்கிறது ஈ. அறுபது மடங்கு வரைக்கும் போகும்! 1980-ல் ஸ்ப்ராட்லிங், மஹோவால்ட் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு தரம்தான் என்று ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட செல், தன் பிள்ளை முட்டைக்கு மட்டும் விலக்கு கொடுத்துக்கொள்கிறது. எந்த செக்‌ஷனில் இந்த விலக்கு வருகிறது என்று ஆடிட்டர் கேட்க முடியாது.

ஹம்ப்டி டம்ப்டியைச் சிரித்துவிட்டு விட வேண்டாம். அதன் மனித உறவினர் டான்சன் என்கிற ஜீன். 2017-ல், தலை சிறுத்து, உயரம் குறைந்து பிறக்கிற சில குழந்தைகளுக்கு இந்த ஜீனில்தான் பிழை என்று தெரியவந்தது. செல்லுக்குள் அது என்ன வேலை செய்கிறது என்பது 2023-ல்தான் விளங்கியது. புழுவிலும் தவளை முட்டையிலும் ஆராய்ந்த பல குழுக்கள் ஒரே வருஷத்தில் சொன்ன பதில் ஒன்றே: அந்தப் பதினொரு பேர் டீமில் ஜின்ஸ் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து மைதானத்தில் இறக்கிவிடுகிறவர் இவர்தான்.

* * *

ஓடுவது எப்படி என்று பார்த்தோம். நிறுத்துவது?

ஈயின் புழுவுக்கு எச்சில் சுரப்பி உண்டு. அதன் செல்கள் பிரியாமலே திரும்பத் திரும்பக் காப்பி எடுத்து, ஆயிரம் பிரதிக்கு மேல் ஒன்றாக அடுக்கி, சாதா மைக்ராஸ்கோப்பிலேயே தெரிகிற தடிமன் குரோமோசோம் ஆகின்றன. ஆனால் சில பகுதிகளில் மட்டும் காப்பியே இல்லை. 1998-ல் சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் நகரத்து விஞ்ஞானிகள் பெல்யாயேவா, ஜிமுல்யோவ் குழுவினர், அதற்குக் காரணமான ஒரு ஜீனைச் சொன்னார்கள். அதற்கு சுர் என்று பெயர். அது இல்லாத ஈயில் அந்த விட்டுப்போன பகுதிகள் நிறைந்துவிட்டன.

சரி, சுர் எப்படித் தடுக்கிறது? கிளம்பவே விடவில்லையா, கிளம்பினதை வழியில் மறிக்கிறதா? 2014-ல் ஜேரட் நார்ட்மனும் டெர்ரி ஆர்-வீவரும் பதில் சொன்னார்கள்: மறிக்கிறது. ஓடுகிற இயந்திரத்தோடு கூடவே தொற்றிக்கொண்டு போய் வேகத்தைக் குறைக்கிறது. பஸ்ஸில் ஃபுட்போர்டில் தொங்குகிறவர் பிரேக்கையும் பிடிக்கிற கதை.

நார்ட்மன் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் வைத்துக்கொண்டு, இந்த சுர் யார் யாரோடெல்லாம் பழகுகிறது என்று வலை வீசிப் பார்த்தார். ரிஃப்1 என்று ஒரு புரோட்டீன் மாட்டியது. 2018-ல் வந்த முடிவு இது: ரிஃப்1 இல்லாத ஈயிலும் சுர் வழக்கம்போல் போய்த் தொற்றிக்கொள்கிறது. ஆனால் வண்டி நிற்கவில்லை! அதாவது உண்மையான பிரேக் ரிஃப்1. சுர் வெறும் கூட்டிக்கொண்டு வருகிற ஆள். துப்பறியும் கதையில் கடைசி அத்தியாயம் வரை ஒருத்தரைச் சந்தேகப்பட்டு, பிறகு அவர் டிரைவர்தான் என்று தெரிகிற மாதிரி.

அதே வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேட்ரிக் ஓஃபேரலின் ஆய்வகத்தில் முட்டைப் பக்கமிருந்து பார்த்தார்கள். ஆரம்பச் சுற்றுகளில் நாலு நிமிஷம் என்று பறந்த காப்பி, போகப்போகக் கொஞ்சம் மெதுவாகி, பதினாலாவது சுற்றில் திடீரென்று ஒரு மணி நேரம் மாதிரி நீள்கிறது. இந்த பிரேக்கைப் பிடிப்பதும் ரிஃப்1தான். நிதானம் அங்கே தேவை. அந்தச் சமயத்தில்தான் நடுவில் சுவர் எழும்புகிறது, அம்மா சீர் தீர்ந்து முட்டை தன் சொந்தச் சம்பாத்தியத்தில் குடும்பம் நடத்த ஆரம்பிக்கிறது.

நமக்குள்ளும் ரிஃப்1 இருக்கிறது. ஓ.ஆர்.சி., எம்.சி.எம்., ஜெமினின் எல்லாம் இருக்கிறது. ஈயோடு நமக்குப் பங்காளி உறவு.

என் நண்பன் ஒருவனின் அப்பா, ரிட்டயரான கேஷியர், குடலில் புற்றுநோய். ட்ரிப் ஏற்றும் நாளில் நான்தான் சில தடவை துணைக்குப் போவேன். பையில் ஏறிக்கொண்டிருந்தது 5-ஃப்ளூரோயுராசில் என்கிற மருந்து, 1957-லிருந்து இருக்கிறது. ‘இது என்னப்பா பண்ணும்?’ என்றார். நாலு எழுத்தில் ‘டீ’ என்கிற எழுத்தைச் செல் தயாரிக்கிற இடத்தை இது அடைத்துவிடும், டீ ஸ்டாக் தீர்ந்தால் காப்பி எடுக்க முடியாமல் புற்று செல் சாகும் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். ‘அதாவது டீயைக் கட் பண்ணிட்டா ஆபீஸ் படுத்துடும்ங்கறே.’

‘ஆமா மாமா.’

‘நல்ல ஸ்டாஃபுக்கும் சேர்த்துத்தானே கட்?’

அவருக்கு வாயெல்லாம் புண். மூன்று நாளாக மோர் சாதம்கூட இறங்கவில்லை. வாயின் உள்தோல், குடலின் உள்தோல், இவையெல்லாம் ஓயாமல் காப்பி எடுத்துப் புதுப்பித்துக்கொள்கிற செல்கள். டீ அவற்றுக்கும் இல்லை. முப்பத்து நாலு வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர், நான் சொல்லாமல் விட்ட வரியைத் தானே படித்துவிட்டார். எந்தப் புரோட்டீன் எந்தப் புரோட்டீனின் கையைப் பிடிக்கிறது என்கிற இந்தப் பழ ஈ விவகாரம் எனக்குப் பொழுதுபோக்காக இல்லாமல் போனது அன்றைக்குத்தான். மொத்த ஆபீசுக்கும் டீயை நிறுத்தாமல், திருட்டு வவுச்சர் பாஸ் பண்ணுகிறவனை மட்டும் பிடிக்க வேண்டுமானால், யார் யாரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டுமே.

ஓ.ஆர்.சி. கமிட்டியிலேயே கோளாறாகப் பிறக்கிற குழந்தைகளும் உண்டு. மையர்-கார்லின் சிண்ட்ரோம். குள்ளமான உருவம், சின்னஞ்சிறு காது, முழங்கால் சில்லு சிறுத்திருக்கும் அல்லது இல்லவே இருக்காது. அபூர்வமான வியாதி. 2011-ல்தான், காப்பியை ஆரம்பித்து வைக்கிற புரோட்டீன்களில் பிழை என்று தெரிந்தது. கமிட்டியின் ஆறாவது மெம்பரில் ஒரே ஓர் இடத்தில் கண்ணி மாறியிருந்த நோயாளிகள் இருந்தார்கள். அதே மாற்றத்தை ஈயின் ஆறாவது மெம்பரில் செய்து பார்த்தார்கள். 2013-ல் பதில் வந்தது: அந்த மெம்பருக்கு மற்ற ஐந்து பேரோடு சரியாகச் சேர முடியவில்லை.

பிறகு அதே மெம்பரில் வேறோர் இடத்தில் பிழை உள்ள நோயாளி தென்பட்டபோது, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் இகோர் செஸ்னகோவின் குழு, ஈயின் சொந்த ஜீனை எடுத்துவிட்டு மனித ஜீனைக் கொண்டு அந்த ஈயைப் பிழைக்கவைக்கப் பார்த்தது. 2020-ல் முடிவு வெளிவந்தது. இரண்டாவது பிழையில் கமிட்டியோடு சேருவதில் தகராறு இல்லை. டி.என்.ஏ.வைத்தான் அந்தப் புரோட்டீனால் பிடித்துக்கொள்ள முடியவில்லை. ஒரே வியாதிப் பெயர், ஒரே மாதிரி சின்னக் காது. ஒரு குழந்தையிடம் மெம்பர் கூட்டத்துக்கு வரவில்லை, இன்னொரு குழந்தையிடம் வந்து உட்கார்ந்தும் ஃபைலைக் கையில் எடுக்கவில்லை. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உதவியது, கடைக்காரர் துண்டால் விரட்டுகிற அதே ஜாதி ஈ.